எந்த மிக்? எந்த வருஷம்? விமானப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறேழு பேர் கூடுவோம். பிளாஸ்டிக் விமான மாடல் ஒட்டுகிறவர்கள், போர் விமானம் என்றால் சோறு தண்ணி மறப்பவர்கள், இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர். 2025 ஜூலையில் நல்ல சாரல் அடித்த ஒரு நாள், பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தான். செருப்பு டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக, அவனே ஒட்டிய மிக்-21 எஃப்எல். மிக்-21 என்பது நம் விமானப் படையில் இருந்த சோவியத் போர் விமானம், எஃப்எல் அதில் ஒரு வகை. வயிற்றுக்கடியில் சின்னதாக ஒரு துப்பாக்கிக் கூடும் ஒட்டியிருந்தான்.

டப்பாவை மேஜையில் வைத்ததுதான் தாமதம். “மிக்குக்கு ஏதுவே துப்பாக்கி? வெறும் ஏவுகணைதான்” என்றார் ஒருவர். “உள்ளயே இருக்குல்லா, இருபத்துமூணு எம்எம். வெளிய எதுக்குத் தொங்கணும்?” என்றார் இன்னொருவர். ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு பேச்சு மாடலின் பச்சை நிறத்துக்குத் தாவியது, அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு. இதற்கிடையில் பையன் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு படியிறங்கினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கூப்பிடவில்லை. அதன்பின் மூன்று வாரம் அவன் வரவில்லை.

அன்றைக்கு நடந்த தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் அவை ஒரே தவறின் பல முகங்கள்.

துப்பாக்கி விஷயத்தில் அந்த இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. மிக்-21 என்பது ஒரு குடும்பத்தின் பெயர். 1963-இல் நம் விமானப் படைக்கு முதலில் வந்தது எஃப்-13. இங்கே அதை டைப் 74 என்பார்கள். அதன் உடம்புக்குள் 30 மி.மீ. துப்பாக்கி இருந்தது. அடுத்துப் பெருமளவில் வந்த எஃப்எல், அதாவது டைப் 77, உள்துப்பாக்கி இல்லாதது. அதனால்தான் 1971 போர்க் காலத்தில் அதன் வயிற்றுக்கடியில் 23 மி.மீ. இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கூட்டில் வைத்து மாட்டினார்கள். பின்னால் வந்த எம் வகை, டைப் 96, அதே 23 மி.மீ. துப்பாக்கியை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டது. 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் விடைபெறும் வரை, 62 வருஷம் பறந்த குடும்பம் அது. “மிக்-21-இல் துப்பாக்கி உண்டா?” என்று மொட்டையாகக் கேட்டால் உண்டு என்பவரும் இல்லை என்பவரும் ஜெயிக்கலாம். பையன் ஒட்டியிருந்தது எஃப்எல். கூடு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. எந்த மிக், எந்த வருஷம் என்று ஒரு ஆளாவது அவனிடம் கேட்டிருக்கலாம்.

திருவனந்தபுரம் விஷயம் இன்னும் சூடானது. ஜூன் 14 இரவு பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி ஒன்று, ரேடாரில் எளிதில் சிக்காத ‘ஸ்டெல்த்’ ரகப் போர் விமானம், அங்கே அவசரமாக இறங்கி, ஹைட்ராலிக் கோளாறில் மாட்டிக்கொண்டு ஜூலை 22 வரை நின்றது. நாகர்கோவிலிலிருந்து ரெண்டு மணி நேரத் தூரம். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி. இறங்க வந்த விமானத்தைத் தங்கள் கண்காணிப்பு வலை கண்டறிந்ததாக நம் விமானப் படை சொன்னது. உடனே ஒரு கட்சி: “ரேடாருக்குத் தெரியாதுன்னு சொன்ன விமானத்தை நம்ம ஆளுங்க பிடிச்சாச்சு, ஸ்டெல்த் எல்லாம் புளுகு.” எதிர்க்கட்சி: “ஸ்டெல்த் விமானத்தை யாராலயும் பார்க்கவே முடியாது.”

இரண்டுமே அந்தச் சம்பவத்துக்குள் இல்லாத முடிவுகள். ஸ்டெல்த் என்பது மாயப் போர்வை ஆகாது. எதிரி ரேடார் கண்டுபிடிக்கும் தூரத்தை அது குறைக்கிறது. அதுவும் எந்த அலைநீளம், எந்தக் கோணம் என்பதைப் பொறுத்தது. தரையிறங்க இடம் கேட்டு வரும் விமானம் தன்னை ஒளிக்கப் பார்ப்பதில்லை. ரேடியோவில் பேசும், டிரான்ஸ்பாண்டர் வழியே தான் யார், எந்த உயரத்தில் என்று தானே சொல்லும். ஒளியாதவனைக் கண்டதை வைத்து அவன் ஒளியத் தெரியாதவன் என்று எப்படிச் சொல்வது? அது ஒரு மாசம் பழுதாகிக் கிடந்ததால் உதவாத விமானம் என்பதும் இதே ரகம்தான். மிக்-21-ஐப் பறக்கும் சவப்பெட்டி என்று சொல்கிறவர்களிடம் எனக்குள்ள வருத்தமும் இதுதான். விழுந்த எண்ணிக்கையை மட்டும் எண்ணுகிறார்கள். பறந்த மணிகளால் வகுப்பதில்லை.

எண்களில் இன்னொரு வழுக்கல். மாக் 2, அதாவது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம், என்றால் மணிக்கு 2,450 கி.மீ. என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு. 15 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். 11 கி.மீ. உயரத்தில் குளிர் மைனஸ் 56 டிகிரி. அங்கே ஒலியின் வேகம் 295 மீட்டர்தான். போர் விமானங்கள் மாக் 2-ஐத் தொடுவது அந்த உயரத்தில், ஆகவே உண்மையான வேகம் ஏறக்குறைய 2,120. அதுவும் குண்டு, கூடுதல் டேங்க் எதுவும் தொங்காமல், கொஞ்ச நேரத்துக்கு. பறக்கும் தூரத்தைப் பாதியாக்கி அதுதான் தாக்கும் தூரம் என்பதும் பிழை. ஆயுத எடை, தாழப் பறப்பது, சண்டைக்கு ஒதுக்கும் எரிபொருள், திரும்பி வந்து இறங்கக் கையிருப்பு எல்லாம் போக மிஞ்சுவது பாதியைவிட நன்றாகக் குறைவு.

இறக்கை எப்படித் தூக்குகிறது என்று பேச்சு வந்தால் எங்கள் மாடியே இரண்டாகப் பிரியும். பள்ளிக் கண்காட்சி அட்டைகளில் இன்றும் இருக்கிறது: இறக்கையின் மேல்பக்கம் வளைவு, அதனால் தூரம் அதிகம்; கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டியிருப்பதால் மேல் காற்று வேகமாக ஓடுகிறது. அப்படிச் சேர வேண்டும் என்று காற்றுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஆடி மாசம் ஆரல்வாய்மொழியில் காற்று சீறும்போது ஒரு காலண்டர் அட்டையை இரண்டு கையாலும் பிடித்து நின்று பாருங்கள். படுக்கை வசமாகப் பிடித்தால் சும்மா படபடக்கும். காற்று வரும் பக்க விளிம்பை ஒரு விரல்கடை உயர்த்துங்கள். அட்டை கையைப் பிடுங்கிக்கொண்டு மேலே போகும். அந்தத் தட்டை அட்டைக்கு மேலும் கீழும் ஒரே தூரம்தானே? சாய்ந்த அட்டை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது; மேல்பக்கம் அழுத்தம் குறைகிறது, அங்கே காற்று வேகம் பிடிக்கிறது. நல்ல இறக்கையில் மேலே போன காற்று கீழே போனதைவிட முந்தியே பின்விளிம்பைத் தாண்டிவிடும். அழுத்தத்தைச் சொல்லும் பெர்னூலி கட்சியும், காற்றைக் கீழே தள்ளுவதைச் சொல்லும் நியூட்டன் கட்சியும் ஒரே நிகழ்ச்சியை இரண்டு கணக்கில் எழுதுகிறார்கள். பக்கத்தில் முப்பந்தலில் சுற்றும் காற்றாலை இறக்கைகளுக்கும் இதே கணக்குதான்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. “எங்க அத்தான் இஸ்ரோவில இருக்காரு” என்று சொல்லி வாதத்தை முடிப்பது. இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவனும், 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணனும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அத்தான் பார்க்கும் வேலை வெல்டிங் பரிசோதனையாக இருந்தால், சுற்றுப்பாதை பற்றி அவர் பேரால் நாம் சொல்வதற்கு எடை கூடாது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எதற்கு என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் “பூமத்திய ரேகைக்குப் பக்கம்” என்பார்கள். கிழக்கே ஏவும் ராக்கெட்டுக்குப் பூமியின் சுழற்சி கைகொடுக்கும், சரி. இங்கிருந்து போகப்போகும் எஸ்எஸ்எல்வி மாதிரிச் சிறு ராக்கெட்டுகளுக்குத் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைதான் முக்கியம்; அவை தெற்கே போகும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போனால் குறுக்கே இலங்கை. சுற்றி வளைத்துத் திருப்ப வேண்டும். அதில் எரிபொருள் போகும், தூக்கும் எடை குறையும். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே வெறும் கடல். திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பா ஏவுதளத்துக்கோ வேறு காரணம். 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் அங்கிருந்து போனது, பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போனதால். மகேந்திரகிரியில் என்ஜினைக் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கிறார்கள், ஏவுவதில்லை. அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடல் விஷயத்துக்கு வருவோம். ஒருவர் தன் 1/72 விமானத்துக்குப் பக்கத்தில் கன்னியாகுமரிக் கடையில் வாங்கிய ஆறு அங்குலத் திருவள்ளுவர் சிலையை வைத்துக் காட்சி அமைத்தார். அந்தக் கணக்கில் வள்ளுவர் பீடத்தோடு சேர்த்து 36 அடிதான் வருவார். 133 அடிச் சிலையை 1/72-இல் செய்தால் 56 செ.மீ. உயரம் வேண்டும், நுனிக்கு நுனி 7.15 மீட்டர் இறக்கை கொண்ட மிக் அதற்கு முன்னால் குறுக்கே 10 செ.மீ. கூட வராது. எடைக் கணக்கில் தவறு இன்னும் பெரிதாகும். 7,000 டன் சிலையை அதே கல்லில் 1/72 ஆக்கினால் எத்தனை கிலோ? 72-ஆல் வகுத்து 97 டன் என்றார் ஒருவர். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 72-ஐ மூன்று தடவை பெருக்கி வகுக்க வேண்டும். விடை 19 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஆள் தூக்கிவிடலாம். புதிதாக வாங்குகிறவர்கள் 1/48-ஐவிட 1/72 பெரிது என்று நினைத்து ஏமாறுவதும் உண்டு. கீழே உள்ள எண் சின்னதானால் மாடல் பெரிது. 1/48 மிக்குக்கு 1/72 போல ரெண்டேகால் மடங்கு பெயின்ட் வேண்டும்.

தகடுகள் சேரும் இடத்தைக் காட்ட மாடலில் கீறியிருக்கும் கோடுகளை “அச்சு அசலாக இல்லை” என்று குறை சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. மாடலில் 0.3 மி.மீ. அகலமுள்ள கோடு நிஜ விமானத்தில் 2 செ.மீ. பிளவு. அப்படி ஒரு விமானம் பறக்காது. அந்தக் கோடு கண்ணுக்காக, கலைக்காகச் செய்வது. அதை ஏற்றுக்கொண்டு பேசலாம்.

அந்தப் பையனின் பச்சை பற்றிய சண்டைதான் எனக்கு மிகவும் வலித்தது. 1971-இல் வெள்ளியாக மின்னிய எஃப்எல்களுக்கு அவசரமாகப் பச்சையும் பழுப்பும் பூசினார்கள். கிடைத்த பெயின்ட், தளத்துக்குத் தளம் ஒரு விதம். அதன்மேல் வெயில். நம் கையில் இருப்பதோ பழைய நிழற்படமும் செல்போன் திரையும். இதில் ஒருவர் “இந்தப் பச்சை தப்பு” என்று ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து அடித்துச் சொன்னார். எந்தத் தளம், எந்த விமானம், எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தாய் என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பான்; அவன் பைக்குள் அந்தப் படத்தின் பிரிண்ட் இருந்தது. அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

மூன்றாவது வாரம் நானே மார்த்தாண்டம் போனேன். அவன் அம்மா கட்டன்சாயா கொண்டு வைத்தார். “மக்களே, அன்னைக்கு என்ன கேக்க வந்த?” என்றேன். டப்பாவைத் திறந்து காட்டினான். துப்பாக்கியையும் பச்சையையும் பற்றி அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இடது இறக்கை முழுக்கப் பால் சிந்தியது போல வெள்ளை படர்ந்திருந்தது. “கிளியர் அடிச்சேன் மாமா, இப்படி ஆயிப்போச்சு.”

கிளியர் என்பது பெயின்டுக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு. மழை பெய்யும் சாயங்காலம் அந்த லாக்கர் ஸ்பிரேயை அடித்திருக்கிறான். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றிலுள்ள நீர் அதில் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் வாங்கும் நம் ஊரில் இது அடிக்கடி வரும். சுரண்ட வேண்டாம் என்றேன். வெயில் ஏறிய ஒரு பதினோரு மணிக்கு, டின்னைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்து, அதே பளபளப்புக் கிளியரை ஒரு அடிக்கு அப்பாலிருந்து மெல்லிசாக ஒரு கை விடச் சொன்னேன். புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்கும், ஈரம் வெளியேறும்.

அடுத்த சனிக்கிழமை டப்பாவோடு வந்தான். வெள்ளை போய்விட்டது. இறக்கை வேரோரம் மட்டும் நகக்கண் அளவுக்கு மிச்சம். துப்பாக்கி இல்லவே இல்லை என்று சாதித்தவர் மாடலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த வருஷத்து விமானம், மக்கா?” என்று கேட்டார். பையன் பைக்குள்ளிருந்து அந்தப் பிரிண்டை எடுத்தான்.