ஸ்லீப் ஆப்னியாவுக்குத் தாடை அறுவை சிகிச்சை: முடிவெடுப்பதும் தயாராவதும்

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப்பாதை அடைபட்டு, பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும் குறைவதுமாக இரவெல்லாம் தொடரும் நோயே ஸ்லீப் ஆப்னியா. ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனை முறை நேர்கிறது என்பதை ஏ.எச்.ஐ. என்ற எண்ணால் குறிக்கிறார்கள்: 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது. தாடை அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பவர் முதலில் தம்முடைய இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறட்டையின் சத்தத்தை வைத்து மட்டும் எலும்பை வெட்டும் முடிவுக்கு வரக் கூடாது.

நாக்கின் முக்கியத் தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில் பற்றியிருக்கிறது. மென்அண்ணம் மேல்தாடையின் பின்விளிம்போடு இணைந்திருக்கிறது. இரு தாடைகளையும் வெட்டி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் முன்னே நகர்த்திப் பொருத்தினால், நாக்கும் அண்ணமும் சேர்ந்து முன்னே வருகின்றன. தொண்டையின் பக்கச்சுவர்களும் இழுபட்டு விறைப்படைவதால் எளிதில் சரிவதில்லை. உள்நாக்கையும் அண்ணத்தையும் மட்டும் திருத்தும் சிகிச்சைகள் ஓரிடத்தை விரிவாக்க, இது மூச்சுப்பாதையின் நீளம் முழுவதையும் விரிவாக்குகிறது. இதன் பலம் அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் இது முதல் சிகிச்சையன்று. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, முகக்கவசத்தின் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியே இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. "சிபாப் எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையான தடை, முகக்கவசம் சரியாகப் பொருந்தாததோ மூக்கடைப்போ காற்றழுத்தம் தவறாக அமைக்கப்பட்டிருப்பதோதான். இவற்றைச் சரிசெய்து சில வாரங்கள் முயன்ற பிறகும் கருவியோடு உறங்க முடியாத, நடுத்தர அல்லது கடுமையான நோய் உள்ளவர்களே, குறிப்பாகக் கீழ்த்தாடை சிறுத்துப் பின்வாங்கியிருப்பவர்களே, இந்த அறுவை சிகிச்சையை எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள். உடல் எடை மிக அதிகமாக இருந்தால் எடைக்குறைப்பை முதலில் பேச வேண்டும். மூளையின் மூச்சுக் கட்டளை தவறுவதால் வரும் வகை ஆப்னியாவுக்குத் தாடையை நகர்த்துவதால் பயனில்லை.

மருத்துவர் வெற்றி வாய்ப்பைச் சொல்லும்போது, எதை வெற்றி என்கிறார் என்று கேளுங்கள். 45 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், 85.5 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை வெற்றி பெற்றது, ஆனால் ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே இறங்கி நோய் நீங்கியவர்கள் 38.5 விழுக்காட்டினரே. அங்கே வெற்றி என்பது எண் பாதிக்கு மேல் குறைந்து 20க்குக் கீழே வருவது. 60இல் இருந்தவர் 12க்கு வருவது பெரிய நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் கருவியை அடியோடு விட்டுவிடலாம் என்ற நம்பிக்கையோடு மட்டும் ஒருவர் மேசையில் படுக்கக் கூடாது.

அறுவை சிகிச்சைக்கு முன், உறக்க ஆய்வகத்தில் ஓர் இரவு முழுவதும் எடுக்கப்பட்ட பரிசோதனை, தாடையின் சி.டி. ஸ்கேன், பக்கவாட்டு எக்ஸ்ரே ஆகிய மூன்றும் தேவை. மயக்க மருந்து கொடுத்து உறங்கவைத்து, மூக்கின் வழியே மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தி, தொண்டை எந்த இடத்தில் சரிகிறது என்று பார்க்கும் சோதனையையும் பல மருத்துவர்கள் செய்கிறார்கள். முகத்தாடை அறுவை மருத்துவர், உறக்க மருத்துவர், பல் சீரமைப்பு மருத்துவர் மூவரும் சேர்ந்து திட்டமிடும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். பற்களின் கடி சரியாக அமைய, முன்கூட்டியே கிளிப் போட்டு ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க நேரலாம். ஞானப்பற்களை எடுக்க வேண்டுமானால் சில மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுவார்கள். புகைபிடிப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும், ஏனெனில் வெட்டிய எலும்பு கூடுவதைப் புகை கெடுக்கிறது.

முகத்தோற்றத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். முன்பற்களும் தாடைகளும் இயல்பாகவே சற்று முன்தள்ளியிருக்கும் முகவாகு நம்மிடையே அதிகம். அத்தகையவருக்கு இரு தாடைகளையும் அப்படியே 10 மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்தால் உதடுகள் மிகவும் துருத்தித் தெரியலாம். முன்பற்கள் உள்ள பகுதியைத் தனியே பின்வாங்க வைத்தோ, தாடைகளைச் சுழற்றிப் பொருத்தியோ இதைத் தவிர்க்க வழிகள் உண்டு. கணினியில் வரைந்த திட்டத்தைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நோயாளியின் உரிமை.

காப்பீடு இருந்தால், அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே ஆவணங்களைச் சேர்த்துவிடுங்கள். இந்தியக் காப்பீட்டு விதிகளில் அழகுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது. உடல்நலத்துக்கான நேரடி ஆபத்தை நீக்கும் சிகிச்சை என்று மருத்துவர் சான்றளித்தால் அதற்கு விலக்கு உண்டு. எனவே உறக்க ஆய்வின் அறிக்கை, சிபாப் முயன்றதற்கான பதிவு, மருத்துவரின் சான்று ஆகியவற்றை எழுத்து வடிவில் வைத்திருங்கள்.

அறுவை முழு மயக்கத்தில், பெரும்பாலும் வாய்க்குள்ளேயே வெட்டிச் செய்யப்படுவதால் முகத்தில் பெரிய தழும்பு விழாது. எலும்புகளை டைட்டானியம் தகடுகளும் திருகுகளும் பிடித்து நிறுத்தும். அறுவை முடியச் சில மணி நேரம் ஆகும். முதல் இரவு தீவிரக் கண்காணிப்பில் இருப்பதே நல்லது. வீக்கத்தால் மூச்சுப்பாதை குறுகக்கூடும், மார்ஃபின் வகை வலிமருந்துகள் மூச்சை மந்தமாக்கும். ஆகவே உங்களுக்கு ஆப்னியா இருப்பது மயக்க மருத்துவருக்கும் இரவுச் செவிலியருக்கும் தெரிந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை சிபாப் கவசத்தை மாட்ட வேண்டாம். அழுத்தக் காற்று வெட்டிய இடங்கள் வழியே தோலுக்கடியில் புகக்கூடும்.

வீட்டுக்கு வந்த பின் சில வாரங்கள் கடினமானவை. முகவீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல வடியும். தலையை உயர்த்தியே படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முதல் இரண்டு வாரம் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், கஞ்சி, பால், மோர், பழச்சாறு போன்ற நீருணவுதான். அதன்பின் ஏறத்தாழ ஆறாவது வாரம்வரை மெல்லத் தேவையில்லாத குழைந்த சோறும் மசித்த இட்லியும் பொருந்தும். வெறும் கஞ்சியிலேயே காலம் தள்ளினால் புரதம் போதாது என்பதால் முட்டையையோ புரதப் பொடியையோ கரைத்துச் சேர்ப்பது அவசியம். பற்களை ரப்பர் வளையங்களால் பிணைத்திருந்தால், அவசரத்தில் வெட்டுவதற்குச் சிறு கத்தரிக்கோலைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வீட்டார் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கட்டும். மூச்சுத் திணறலோ நிற்காத இரத்தக் கசிவோ காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கீழுதடும் தாடை முனையும் மரத்துப்போவது தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்கிறது. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு, வெட்டும் இடத்தை ஒட்டியே செல்வதுதான் காரணம். பலருக்கு மாதங்கள் செல்லச் செல்ல உணர்வு திரும்புகிறது. சிலருக்கு, குறிப்பாக வயது கூடியவர்களுக்கு, ஒரு பகுதி மரத்தே இருந்துவிடும். பாட்டுப் பாடுபவரும் புல்லாங்குழல், நாகசுவரம் வாசிப்பவரும் ஒப்புதல் கையெழுத்திடும் முன் இதைப் பலமுறை யோசிக்க வேண்டும்.

மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், வீக்கம் முற்றிலும் வடிந்த பிறகு, அதே ஆய்வகத்தில் உறக்கப் பரிசோதனையை மறுபடியும் செய்யுங்கள். குறட்டை நின்றுவிட்டது, பகல் தூக்கம் போய்விட்டது என்பதற்காக இதைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. சத்தமின்றியும் ஆக்சிஜன் இறங்கக்கூடும். மீதி ஆப்னியா இருந்தால் குறைந்த அழுத்தத்தில் சிபாப், பக்கவாட்டில் படுத்தல், எடைக்குறைப்பு என வழிகள் இருக்கின்றன. பிற்காலத்தில் எடை ஏறினாலோ குறட்டை திரும்பினாலோ அடுத்த பரிசோதனைக்குத் தாமதிக்க வேண்டாம். அப்போது முதல் அறிக்கையையும் அறுவைக்குப் பிந்தைய அறிக்கையையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.