போன் மைக் வேலை செய்யவில்லையா? முதலில் எந்த மைக் என்று பாருங்கள்

"ஹலோ, நீங்க பேசுறது கேக்கவே இல்லை" என்று எதிர்முனையில் சொன்னதும் பலரும் முதலில் போனை ரீஸ்டார்ட் செய்வார்கள். அப்புறம் ஊக்கை எடுத்து ஓட்டையைக் குத்துவார்கள். ரீஸ்டார்ட் நல்லதுதான், கட்டாயம் செய்யுங்கள். ஊக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்: இன்றைய ஸ்மார்ட்போன்கள் பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் இருக்கிறது. எது கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தேவையில்லாத செலவும் அலைச்சலும் மிச்சம்.

மைக் எங்கே இருக்கிறது?

போனின் அடிப்பக்கம் பாருங்கள். சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை தெரியும். அதுதான் முதன்மை மைக். பல போன்களில் மேல் விளிம்பில் இன்னொன்று இருக்கும். சுற்றுப்புற இரைச்சலைக் குறைப்பது அதன் வேலை. சில மாடல்களில் பின்பக்க கேமராவுக்கு அருகிலும் ஒன்று உண்டு. ஐபோனில் அடியிலும், முன்பக்கம் காதில் வைக்கும் ஸ்பீக்கருக்கு அருகிலும், பின்பக்க கேமராவுக்கு அருகிலும் மைக் இருக்கிறது.

மூன்று ரெகார்டிங் எடுங்கள்

புளூடூத்தை ஆஃப் செய்யுங்கள். இயர்போன் செருகியிருந்தால் கழற்றுங்கள். கவரையும் கழற்றிவிடுங்கள், ஓட்டை சரியாகப் பொருந்தாத கவர் மைக்கை மூடிவிடும்.

முதலில் போனிலேயே இருக்கும் ரெகார்டர் ஆப்பில், அடி ஓட்டைக்கு அருகில் வாயை வைத்து "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லுங்கள். அப்படியே ஓட்டைக்குப் பக்கத்தில் விரல் நகத்தால் மெதுவாகத் தட்டுங்கள். அடுத்து செல்ஃபி கேமராவில் பேசி ஒரு வீடியோ. கடைசியாகப் பின்பக்க கேமராவில் ஒரு வீடியோ.

மூன்றையும் போட்டுக் கேளுங்கள். ரெகார்டரில் தட்டிய சத்தம் 'டொக் டொக்' என்று பளிச்சென்று விழுந்திருந்தால் அடி மைக்குக்கு ஒன்றுமில்லை. வீடியோவில் குரல் நன்றாக இருந்து, ரெகார்டரில் மட்டும் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்டால் சந்தேகம் அடி மைக்கின் மேல்தான். "சாதாரணமா பேசினா கேக்கலை, ஸ்பீக்கர் போட்டா கேக்குது" என்பதும் பெரும்பாலும் இதே கதைதான். பல போன்கள் ஸ்பீக்கரில் பேசும்போது மேல் மைக்கைப் பயன்படுத்துகின்றன.

மூன்றுமே நன்றாக இருந்து, போன் பேசும்போது மட்டும் தகராறு என்றால் மைக்கை விட்டுவிடுங்கள். வேறொரு எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள், வைஃபை காலிங்கை (வைஃபை வழியாகக் கால் போகும் வசதியை) ஆஃப் செய்து பாருங்கள். அது நெட்வொர்க் கோளாறாக இருக்கலாம்.

ஒரு ஆப்பில் மட்டும் கேட்கவில்லையா?

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் மட்டும் போகவில்லை என்றால் அது பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பெர்மிஷன்ஸ், மைக்ரோஃபோன் என்று போய் அனுமதி கொடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் மைக்ரோஃபோன்.

எந்த ஆப்பிலும் குரல் பதியவில்லையா? 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், மைக் மொத்தத்தையும் அணைக்கும் ஒரு பட்டன் இருக்கிறது. மேலிருந்து திரையை இழுத்தால் வரும் பட்டன்களில் 'மைக் ஆக்ஸஸ்' என்று இருக்கும். குழந்தைகள் கையில் போன் போனால் இது தெரியாமல் அழுந்திவிட நிறைய வாய்ப்பு உண்டு.

ஒரு ஆப் மைக்கை எடுத்ததும் திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி வரும். ஐபோனில் ஆரஞ்சுப் புள்ளி. நீங்கள் எதையும் திறக்காதபோதே அந்தக் குறி தெரிந்தால் வேறு ஏதோ ஆப் மைக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. திரையை இழுத்து அந்தக் குறியைத் தொட்டால் ஆண்ட்ராய்டில் ஆப்பின் பெயரே வந்துவிடும்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் சேஃப் மோட். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் மெனுவில் வரும் 'பவர் ஆஃப்' என்பதை விரலால் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் கேட்கும். அதில் நாம் இறக்கிய ஆப்கள் எதுவும் ஓடாது. அங்கே ரெகார்டர் வேலை செய்தால் குற்றவாளி ஏதோ ஓர் ஆப். கடைசியாக இறக்கியவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அங்கேயும் சத்தமே பதியவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்து போட்டோக்களை இழக்க வேண்டாம். ஏறக்குறைய நிச்சயமாக அது ஹார்ட்வேர்தான்.

சுத்தம் செய்வது எப்படி?

அந்த ஓட்டைக்குப் பின்னால் மெல்லிய வலை, அதற்கும் பின்னால் சில மில்லிமீட்டர் அளவே உள்ள மைக். அதில் அதிரும் சவ்வு தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஊக்கு முனை அதைத் தொட்டால் கதை முடிந்தது. சிம் பின்னும் அப்படித்தான். சிம் ட்ரேயும் மைக் ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மாடல்களில் இந்த விபத்து எளிதாக நடக்கும். சிம் ஓட்டையைச் சுற்றி ட்ரேயின் நீள்வட்டக் கோடு தெரியும். கோடு இல்லாமல் தனியாக இருக்கும் ஓட்டையில் பின்னை விடவே கூடாது.

போனை ஆஃப் செய்து, ஓட்டை தரையைப் பார்த்தபடி பிடித்துக்கொள்ளுங்கள். காய்ந்த, மிருதுவான புது டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். தூசி கீழே விழும். டார்ச் அடித்துப் பார்த்து, இன்னும் அடைத்திருந்தால் மறுபடி தேயுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். அழுத்தக் காற்று அடிக்கும் ஸ்ப்ரே சவ்வையே கிழித்துவிடலாம்.

மழையில் நனைந்த போன் என்றால் சார்ஜ் போடாமல், காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காயவிடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவும் துகளும் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

கடைக்குப் போவதற்கு முன்

சாம்சங் போனில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் மைக்கைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. ஷாவ்மி, ரெட்மி போன்களில் டயல் பேடில் *#*#6484#*#* என்று அடித்தால் சோதனைப் பட்டியல் திறக்கும். மைக்கைத் தவிர வேறு எதையும் அதில் தொடாதீர்கள்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் அடி மைக்கும் சார்ஜிங் பின்னும் ஒரே சின்ன போர்டில் இருக்கும். கடைகளில் சார்ஜிங் போர்டு, சப் போர்டு என்பார்கள். மைக்கோடு சேர்ந்து சார்ஜும் விட்டுவிட்டு ஏறினால் அந்தப் போர்டை மாற்றினாலே போதும் என்ற வாய்ப்பு அதிகம். மெயின் போர்டு வேலையைவிட இது பொதுவாகச் செலவு குறைவு. அதனால் "மெயின் போர்டு போயிடுச்சு" என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால், சப் போர்டை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். வாரண்டி இருந்தால் வெளிக்கடையில் பிரிக்க விடாதீர்கள், நேரே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே நின்று ஒரு கால், ஸ்பீக்கரில் ஒரு கால், பிறகு அதே மூன்று ரெகார்டிங். சார்ஜரையும் ஒருமுறை செருகிப் பாருங்கள், போர்டு மாற்றும்போது அந்த இணைப்பும் மாறியிருக்கும்.