தினமும் அஃபர்மேஷன் எழுதுகிறீர்களா? வாக்கியத்தை மாற்றிப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் நோட்டை எடுத்து, "நான் டீம் லீடர் ஆகிவிட்டேன், எல்லோரும் என் பேச்சைக் கேட்கிறார்கள்" என்று பத்து முறை அஃபர்மேஷன் (விரும்புவது ஏற்கெனவே நடந்துவிட்டதாகச் சொல்லும் வாக்கியம்) எழுதினால் பதவி உயர்வு வந்துவிடுமா? எழுதுவதால் மட்டும் வராது. அதற்காக நோட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். எழுதுகிற வாக்கியம்தான் மாற வேண்டும்.

நானும் எழுதியிருக்கிறேன். "எனக்குக் கூச்சமே கிடையாது, மீட்டிங்கில் தைரியமாகப் பேசுகிறேன்" என்று ஒன்றரை மாதம், ஒரு நாள் விடாமல். காலையில் எழுதும்போது நன்றாகத்தான் இருக்கும். பத்து மணி மீட்டிங்கில் சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து நின்றுவிடும், சாயங்காலம் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் "நீ சொன்னது பொய்" என்று சொல்வது போலவே இருக்கும். இது எனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தேன். 2009-ல் கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் இதையேதான் சோதித்துப் பார்த்தார்கள். தன்மதிப்பு குறைவாக இருப்பவர்களை "நான் நேசிக்கத் தகுந்த ஆள்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, அவர்களுடைய மனநிலை இன்னும் கீழே போனது. ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். மனசு நம்பாத ஒன்றைச் சொன்னால் அது சும்மா இருக்காது, மறுப்பதற்கு ஆதாரம் தேட ஆரம்பித்துவிடும். அதனால் எழுதும்போதே உள்ளுக்குள் "அப்படியா?" என்று ஒரு குரல் கேட்டால், அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜெர்மனியில் பிறந்த உளவியலாளர் காப்ரியேல் ஊட்டிங்கன், படிப்பை முடித்து வேலை தேடும் பட்டதாரிகளை இரண்டு வருடம் கழித்து மறுபடி விசாரித்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள், வந்த வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. கிடைத்துவிட்டது என்று மனசு ஓய்ந்துவிட்டால், அப்புறம் எதற்காக ஓடுவது? (யேல் பல்கலைக்கழகத்தில் 1953-ல் இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர்தான் பின்னாளில் பணக்காரர்களானார்கள் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை.)

சரி, எதை எழுதுவது?

முதலில், ஆக வேண்டியதை எழுதாமல், உங்களுக்கு எது முக்கியம் என்று எழுதுங்கள். 1988-ல் உளவியலாளர் கிளாட் ஸ்டீல் முன்வைத்த கோட்பாட்டில் 'சுய உறுதிப்பாடு' என்பதற்கு அர்த்தமே இதுதான். நேர்மை, குடும்பம், கைத்திறமை, பிறருக்கு உதவுவது என்று எதுவானாலும் சரி. அது ஏன் உங்களுக்கு முக்கியம், அதன்படி நடந்துகொண்ட ஒரு சந்தர்ப்பம் எது என்று பத்து நிமிடம் எழுதுங்கள். இது நடந்த விஷயம், மனசு மறுக்க முடியாது. நாள்பட்ட மன அழுத்தத்தில் இருந்த மாணவர்கள் இப்படிச் சில வரிகள் எழுதிய பிறகு, நெருக்கடியிலும் புதிர்களை நன்றாக விடுவித்தார்கள் என்று 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. இதைத் தினமும் எழுத வேண்டும் என்றில்லை. இன்டர்வியூ, அப்ரைசல், பெரிய பிரசன்டேஷன் என்று வயிற்றைக் கலக்கும் நாளின் காலையில் எழுதினால் போதும்.

தினமும் எழுத வேண்டியது வேறு, எனக்கு உண்மையில் கைகொடுத்தது அதுதான். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்த 'இது நடந்தால், இதைச் செய்வேன்' வகை வாக்கியம். 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெறுமனே 'செய்யப்போகிறேன்' என்று நினைப்பதைவிட இப்படித் திட்டமிடுவது கண்கூடான பலன் தந்திருந்தது. நான் மாற்றி எழுதியது இது: "'வேற ஏதாவது இருக்கா?' என்று மேனேஜர் கேட்டதும், நோட்டில் எழுதி வைத்திருக்கும் ஒரு கேள்வியைப் படிப்பேன்." தைரியம், கூச்சம் என்ற பேச்சே அதில் இல்லை. ஒரு தருணம், ஒரு செயல், அவ்வளவுதான். முதல் நாள் குனிந்தபடி, நோட்டைப் பார்த்தே படித்தேன். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, பதில் வந்தது, மூன்றாவது வாரத்தில் பார்க்காமலே கேட்க முடிந்தது.

இதை எழுத ஒரு வேலை செய்ய வேண்டும்: போன வாரம் எந்த இடத்தில் சறுக்கினீர்கள் என்று நேர்மையாகத் தேட வேண்டும். ரிப்போர்ட்டைத் திறந்ததும் கை போனுக்குப் போகிறதா? "ரிப்போர்ட்டைத் திறந்தவுடன் போனை அடுத்த அறையில் வைப்பேன்" என்று எழுதுங்கள். விமர்சனம் வந்ததும் பதிலுக்குப் பாய்கிறீர்களா? "யாராவது குறை சொன்னால், முதலில் ஓர் உதாரணம் கேட்பேன்." தடை எதுவென்று தெரியாமல் எழுதுகிற வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படாது.

சின்னதாக இன்னொன்று. "முடிப்பேன்" என்பதற்குப் பதில் "முடிப்பேனா?" என்று எழுதிப் பாருங்கள். 2010-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஆங்கிலத்தில் இதே போலக் கேள்வியாக எழுதியவர்கள், உறுதியாக எழுதியவர்களைவிட அதிகமான எழுத்துப் புதிர்களை விடுவித்தார்கள். கேள்வி என்றால் மனசு பதில் தேடும், எப்படி முடிப்பது என்ற யோசனையும் கூடவே வரும். தமிழில் கடைசி 'ன்'-ஐ 'னா' ஆக்கினால் போதும்.

ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் மட்டும். இரண்டு வாரம் எழுதுங்கள், இரவில் பக்கத்தில் டிக் போடுங்கள், ஆனால் எழுதியதற்கு அல்ல, செய்ததற்கு. பதினான்கு நாளில் நான்கு டிக் கூட விழவில்லை என்றால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதிய 'இது நடந்தால்' சரியான இடத்தில் இல்லை, அதை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பியுங்கள்.