வெள்ளம் வடிந்த பழைய சுவர்: ஈரத்தை அளப்பதும் உலர்த்துவதும்

ஊசிமுனை ஈரமானி காட்டும் எண்ணை நம்பிப் பூச்சு வேலையைத் தொடங்காதீர்கள். அது அளப்பது மின்தடையை. அதன் அளவுகோலும் மரத்துக்கானது. சுவரில் உப்பு ஏறியிருந்தால் காய்ந்த இடமும் நனைந்ததாகவே தெரியும். எந்த இடம் கூடுதல் ஓதம் என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சரியான கணக்கைத் தராசுதான் தரும். கல்லையோ செங்கலையோ தொடாமல், சாந்து இணைப்பில் 10 மி.மீ. பிட்டால் மெதுவாகத் துளையுங்கள். பிட் சூடேறினால் தூளிலுள்ள ஈரம் அங்கேயே ஆவியாகிவிடும். மேற்பரப்பின் முதல் 10 மி.மீ. தூள் தனி; பிறகு 40 வரை, 80 வரை என்று ஆழத்துக்கு ஒரு குப்பி. தூள் விழுந்ததும் காற்றுப் புகாமல் மூடுங்கள்.

0.01 கிராம் துல்லியத் தராசில் நிறுத்து, 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி, மீண்டும் நிறுங்கள். ஜிப்சம் கலந்த சாந்தானால் 40 டிகிரி போதும். அதிகமானால் ஜிப்சத்தின் படிக நீரும் வெளியேறிக் கணக்கு தப்பும். 5.00 கிராம் 4.60 ஆனால், ஈரம் 0.40 ÷ 4.60, அதாவது 8.7 சதவீதம்.

பலரும் விட்டுவிடும் படி அடுத்தது. உலர்ந்த அதே தூளை, கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்குச் சமையல் உப்பு கரைத்த நீருக்கு மேலே, மூடிய ஜாடியில் எடை நிலைக்கும் வரை வையுங்கள். உள்ளே ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தில் நிற்கும். தூள் 4.83 ஆனால், 5 சதவீத ஈரத்தை உப்பே காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் என்று பொருள். வெள்ளநீரின் பங்கு மிச்சமுள்ள 3.7 தான். வெளியே காய்ந்து உள்ளே நனைந்திருந்தால் உலர்தல் நடக்கிறது. வெளியே மட்டும் ஈரமென்றால் உப்பையோ, குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் படிவதையோ சந்தேகியுங்கள்.

உலர்த்தும் முன் வண்டலை ஈரமாக இருக்கும்போதே குறைந்த அழுத்த நீரில் கழுவுங்கள். சிமென்ட் பூச்சு, பிளாஸ்டிக் பெயிண்ட், எண்ணெய் பெயிண்ட் எல்லாம் ஆவியை அடைத்து நிறுத்தும். அவற்றை எடுத்தாக வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரையை மட்டும் கொத்திவிடாதீர்கள், அது நனைந்து காயக்கூடியது. அறைக்குள் உள்ளதைவிட வெளிக்காற்றில் நீராவி குறைவாக இருக்கும் நேரத்தில்தான் ஜன்னலைத் திறக்க வேண்டும்.

ஹீட்டரை வைத்து அவசரப்படுத்தினால் ஆவியாகும் இடம் மேற்பரப்பிலிருந்து உள்ளே பின்வாங்கும். உப்பு அங்கே படிகமாகிச் செங்கலின் முகத்தைப் பொரித்துத் தள்ளும். வெளியே பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் மறுபடி உள்ளே போகும்.

25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. அரை மீட்டர் சுவருக்கு 20 மாதம் ஆகலாம். நடுவே கல்லும் மண்ணும் நிரப்பிய இரட்டைச் சுவருக்கு இன்னும் கூடும். ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில், முந்தைய துளைக்குப் பக்கத்தில் மாதிரி எடுங்கள். பழைய துளையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். மொத்த ஈரம் ஜாடிக் கணக்குக்கு இறங்கி அங்கேயே நின்றால் பூசலாம். சுவருக்குள் புதைந்த உத்திர முனைகளை மட்டும் தனியே பாருங்கள்: 20 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை மூடக் கூடாது. அங்கே ஊசிமுனை மானியே போதும்.