வீடியோ எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் வெட்டுவது எப்படி?
ஒருவர் நாற்காலியில் உட்காருவதை வைட் ஷாட்டில் (தள்ளி நின்று, ஆளும் இடமும் தெரியும்படி) முழுசாக எடுத்துவிட்டீர்களா? அப்புறம் க்ளோஸ்-அப்பிலும் அவர் நிற்பதில் தொடங்கி உட்கார்ந்து முடிக்கும்வரை இன்னொரு தடவை எடுங்கள், சோம்பல் படாதீர்கள். எடிட்டிங்கில் அவர் பாதி உட்காரும் இடத்தில் வைட் ஷாட்டை வெட்டி க்ளோஸ்-அப்புக்கு மாறினால், பார்ப்பவர் கண் அசைவின் பின்னாலேயே போவதால் வெட்டு தெரியாது. கேமரா கோணத்தையும் குறைந்தது 30 டிகிரி மாற்றுங்கள், இல்லாவிட்டால் படம் குதிக்கும். ஆனால் இருவர் பேசும் காட்சியில் அவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கேமராவோடு தாண்டிவிடாதீர்கள், இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது போலாகிவிடும் (இதைச் சரிசெய்ய நான் பட்ட பாடு!). சரி, கிளம்புமுன் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை 30 விநாடி பதிவுசெய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அதுதான் கைகொடுக்கும்.