திங்கட்கிழமை காலை வயிற்றுவலி

யூனிஃபார்ம் போட்டதும் "வயிறு வலிக்குதும்மா" என்று சுருண்டு படுக்கும் பிள்ளை, வேன் போன அரைமணி நேரத்தில் எழுந்து இட்லி கேட்கும். நடிப்பு என்று திட்டிவிடாதீர்கள். வலி நிஜம். பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகிறது. ரத்தம் குடலைவிட்டுக் கைகால் தசைக்குப் போகிறது, வயிறு பிசைகிறது. பிள்ளையிடமும் இதையே சொல்லுங்கள். லீவு நாளிலும் வலித்தால், தூக்கத்தைக் கலைத்தால், எடை குறைந்தால் முதலில் டாக்டர்.

அடுத்து, அடி, கேலி, வேனில் தொந்தரவு உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் மாற வேண்டியது பிள்ளை அல்ல. பள்ளியில் பேசுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், 'இன்னைக்கு மட்டும் லீவு' வேண்டாம். வீட்டில் இருந்ததும் பயம் சட்டென்று இறங்கும். தப்பித்ததால்தான் சரியானது என்று மனசு பழகிவிடும். மறுநாள் அடம் கூடும்.

பயங்களுக்கு 0 முதல் 10 வரை பிள்ளையையே மார்க் போடச் சொல்லுங்கள். கிளாஸில் எழுந்து வாசிப்பது 9 என்றால் அங்கே தொடங்காதீர்கள். முதலில் பாட்டிக்கு வாசிக்கட்டும், பிறகு மிஸ்ஸின் மேஜையருகே இரண்டு வரி, பிறகு பெஞ்சிலிருந்தே. மார்க் பாதியாகும்வரை அதே படி. பயம் உச்சத்தில் இருக்கும்போது கூட்டிவந்துவிட்டால், அடுத்த முறை இன்னும் சின்னப் படியாக வையுங்கள்.

மூச்சுப் பயிற்சி: 3 எண்ணி இழுத்து, 5 எண்ணி விட வேண்டும், 10 முறை. தினமும் படுக்கும்போது பழகட்டும். பள்ளி கேட்டில் நின்று முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தால் பலிக்காது. வேகமாக இழுத்தால் தலை சுற்றும், பயம் இன்னும் ஏறும்.

ஏற்காடு ஹாஸ்டலுக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம், 20 கொண்டை ஊசி வளைவுகள். குமட்டலும் பயமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிட வைத்து, முன்சீட்டில் உட்காரவையுங்கள். போன் பார்க்க வேண்டாம். ஹாஸ்டல் வாசலில் ஒரு நிமிடத்தில் விடைபெறுங்கள். "அழாதடா கண்ணு" என்று அரைமணி நேரம் நின்றால் அழுகை நீளும். "புதன்கிழமை ஆறு மணிக்குப் பேசறேன்" என்று சொன்னால் ஆறு மணிக்கே பேசிவிடுங்கள்.

இரண்டு வாரமாகியும் போக மறுத்தால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம்.