ராப் பாடலைச் சமூக விமர்சனமாகக் கேட்பது எப்படி?

ஏழைக் குடியிருப்புகளின் வாழ்க்கையை ராப் பாடல்கள் வழியாக அறிய விரும்புபவர், பாடல் எந்த ஊரில், எந்த ஆண்டில் உருவானது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால் பாடலில் உள்ள கோபம் காதில் விழுமே தவிர, அதன் காரணம் பிடிபடாது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1948இல் தொடங்கி 1972 வரை கட்டப்பட்ட விரைவுச்சாலை ஆயிரக்கணக்கானோரை வீடிழக்கச் செய்தது. எழுபதுகளில் அங்கே தெருத்தெருவாகக் கட்டடங்கள் தீக்கிரையாயின. டிஜே கூல் ஹெர்க் 1973 ஆகஸ்டில் தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றி, ராப்பை உள்ளடக்கிய ஹிப்-ஹாப்புக்கு வித்திட்டது அந்தப் பிராங்ஸில்தான்.

அடுத்து, பாடலில் வரும் பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் 1982இல் வெளியான 'தி மெசேஜ்' பாடலில் உடைந்த கண்ணாடி, சிறுநீர் கழிக்கப்பட்ட படிக்கட்டு, எலி, கரப்பான், தவணைக் கடனுக்காக இழுத்துச் செல்லப்பட்ட கார் ஆகியவை வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள்: படிக்கட்டைப் பராமரிக்க வேண்டியவர் வீட்டு உரிமையாளர், தெருவைத் துப்புரவாக வைக்க வேண்டியது நகராட்சி, காரைக் கொண்டுபோனது கடன் கொடுத்த நிறுவனம். பாடல் இவர்கள் மீது நேரடியாகக் குற்றம் சுமத்தவில்லை என்பதே, என் பார்வையில், அதன் பலம். அக்கால விருந்துப் பாடல்களைவிட மெதுவான தாளத்தில் அது நகர்வதையும் கவனியுங்கள். ஆடுவதற்கென்றே இருந்த இசை இங்கே சொற்களுக்கு வழிவிடுகிறது.

பாடலில் சொல்லப்படாத, ஆனால் அதன் பின்னணியில் இருக்கும் சட்டத்தைத் தேடுவது மூன்றாவது வேலை. பலரும் தவறவிடுவதும் இதைத்தான். ராப் பாடகர் நாஸ் 1994இல் வெளியிட்ட 'ஒன் லவ்', சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடித வடிவில் அமைந்தது. அத்தனை இளைஞர்கள் ஏன் சிறையில் இருந்தார்கள் என்று தேடிப் போனால், 5 கிராம் கிராக்குக்கும் (புகைக்கும் வகைக் கோகெயின்) 500 கிராம் கோகெயின் தூளுக்கும் ஒரே ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனையை விதித்த 1986ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் கண்ணில் படும். நூற்றுக்கு ஒன்று என்றிருந்த அந்த விகிதம் 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்று எனக் குறைக்கப்பட்டது. இதை அறிந்தபின் அந்தக் கடிதங்களை மீண்டும் கேளுங்கள். நலம் விசாரிக்கும் வரிகூட வேறு விதமாக ஒலிக்கும்.

பாடலில் வரும் 'நான்' பாடகரேதான் என்று எண்ணிவிடக் கூடாது; நாவலாசிரியர் படைக்கும் பாத்திரத்தைப் போன்றதே பெரும்பாலும் அது. (அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகளையே சாட்சியமாகக் காட்டும் வழக்கம் இருந்து வருகிறது, அதற்குக் கட்டுப்பாடு விதித்துக் கலிஃபோர்னியா 2022இல் சட்டம் இயற்றியது.) அதற்காக எல்லாவற்றையும் பாத்திரத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. வறுமையைக் கூர்மையாகப் பார்க்கும் பாடகரே பெண்களை இழிவாகப் பேசினால், அதையும் குறித்துக்கொண்டு, அதே தெருவைப் பெண்கள் எப்படிப் பாடினார்கள் என்று கேளுங்கள். தெருச் சீண்டலையும் வீட்டு வன்முறையையும் எதிர்க்கும் குவீன் லத்தீஃபாவின் 1993ஆம் ஆண்டுப் பாடலான 'யூனிட்டி'யிலிருந்து தொடங்கலாம்.